திருவல்லிக்கேணியில் ஓர் ஆனையின் குரல்

என் அத்தைக்கு வயது 78. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து சென்னையில் எங்களோடு பத்து நாள் தங்கியிருந்தபோது, அவர் பார்க்க வேண்டும் என்று கேட்டவை இரண்டே கோயில்கள்தாம்: பாடியில் இருக்கும் திருவலிதாயம், திருவல்லிக்கேணியில் இருக்கும் பார்த்தசாரதி கோயில். ஒரு வியாழக்கிழமை காலையில் முதலில் பாடிக்குச் சென்றோம்.

திருவலிதாயம் ஞானசம்பந்தர் பாடிய தலம். பரத்வாஜ முனிவர் வலியன் குருவியாக வந்து வழிபட்டதால் இப்பெயர் என்பது தலபுராணம். குருபகவானும் இங்கு வழிபட்டதாக ஐதிகம் இருப்பதால் வியாழக்கிழமைகளில் நல்ல கூட்டம் வரும். தரிசனம் முடித்துப் பிராகாரத்தைச் சுற்றி வரும்போது அத்தையைக் கருவறையின் பின்புறம் நிறுத்தி விமானத்தைக் காட்டினேன். இந்த விமானம் சதுரமாக முடியாமல் பின்புறம் வளைந்து இறங்கும். வடமொழியில் கஜபிருஷ்டம் என்றும், தமிழில் தூங்கானை மாடம் என்றும் இதைச் சொல்வார்கள். திருவொற்றியூரிலும் இவ்வடிவத்தைக் காணலாம். அங்கே நின்று அண்ணாந்து பார்க்கும்போது, கால்களை மடக்கிப் படுத்திருக்கும் யானையின் முதுகுதான் கண்ணில் படுகிறது.

முப்பது ஆண்டுகள் பள்ளியில் விலங்கியல் கற்பித்தவன் ஆகையால், யானையின் உறக்கத்தைப் பற்றி அத்தையிடம் சொன்னேன். அவ்வளவு பெரிய உடல் கொண்ட விலங்கு நாளில் சில மணி நேரமே உறங்குகிறது. அதிலும் பெரும்பகுதி நின்றபடியே கழிகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 150 கிலோ தீவனம் வேண்டியிருப்பதால், மேய்வதிலும் நடப்பதிலும் அதன் பொழுது போய்விடுகிறது. தூங்குதல் என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் அசைதல், தொங்குதல் என்றும் பொருள் உண்டு என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "நம்ம ஊர் யானை அசைஞ்சுக்கிட்டே நிக்குமேப்பா, ஞாபகம் இருக்கா?" என்று அத்தை கேட்டார்.

ஞாபகம் இருக்கிறது. என் சிறுவயதில் எங்கள் பகுதிக் கோயிலில் ஒரு பெண்யானை இருந்தது. பின்னங்கால் ஒன்றில் சங்கிலி கட்டியிருப்பார்கள். நாகசுரமும் தவிலும் ஒலிக்கும்போது அது இடமும் வலமுமாக அசைந்துகொண்டே நிற்கும். தாளம் போடுகிறது, ராகத்துக்குத் தலையாட்டுகிறது என்று ஊரே மகிழ்ந்தது. நானும் எதிரில் நின்று கைதட்டியிருக்கிறேன். பல ஆண்டுகள் கழித்துப் பாடம் நடத்துவதற்காகப் படித்தபோதுதான் உண்மை தெரிந்தது. நாள் முழுவதும் ஒரே இடத்தில் கட்டுண்டு, இனத்தைப் பிரிந்து நிற்கும் யானைகளிடம் காணப்படும் மனவாதையின் அடையாளம் அந்த அசைவு. கூட்டத்தோடு காட்டில் திரியும் யானைகள் அப்படி ஓயாமல் அசைவதில்லை. எங்கள் ஊர் யானை, மேளம் ஓய்ந்த பின்னும், கோயில் நடை சாத்திய பின்னும் இருட்டில் அசைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அதை எண்ணும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது. அத்தையிடம் அப்போது இதைச் சொல்ல மனம் வரவில்லை.

மாலையில் திருவல்லிக்கேணிக்குப் போனோம். கைரவிணித் தீர்த்தக் கரையைக் கடந்து உள்ளே சென்று, மீசையோடும் சங்கோடும் நிற்கும் வேங்கடகிருஷ்ணனைச் சேவித்தோம். பார்த்தனுக்குத் தேர் ஓட்டியபோது பீஷ்மரின் அம்புகள் தைத்த வடுக்களை உற்சவர் பார்த்தசாரதியின் திருமுகத்தில் அத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேற்கு நோக்கி அமர்ந்திருக்கும் தெள்ளிய சிங்கரிடம் சென்றோம். யோகத்தில் இருக்கும் பெருமானின் அமைதி குலையக் கூடாது என்பதற்காக அவர் சந்நிதிக் கதவின் மணிகளுக்கு நாக்கு வைக்கவில்லை என்று சொல்வார்கள்.

இக்கோயிலில் கஜேந்திர வரதருக்குத் தனிச் சந்நிதி உண்டு. பல தலங்களில் உற்சவ நாளில் மட்டுமே கிடைக்கும் கருட சேவை இங்கே என்றும் கிடைக்கிறது. மூலவரே கருடன்மேல் ஏறி வந்த கோலத்தில் எழுந்தருளியிருக்கிறார். திருமங்கையாழ்வார் இத்தலத்துக்கு அருளிய பதிகத்தில் ஒரு பாசுரம் முழுவதையும் இந்த வரதருக்கே கொடுத்தார். மீன்கள் நிறைந்த பொய்கையில் மலர் பறிக்க இறங்கிய வேழத்தின் காலை முதலை பற்ற, அது கையெடுத்து அலற, அதன் துயரம் தீரப் புள்ளாகிய கருடன்மேல் ஊர்ந்து வந்து சக்கரமாகிய ஆழி தொட்டவனைத் திருவல்லிக்கேணியில் கண்டேன் என்கிறார் ஆழ்வார். (கைரவிணியில் மீனே கிடையாது என்பது ஐதிகம். ஆழ்வார் பாடிய பொய்கையோ யானை இறங்கிய பொய்கை.) அடுத்த பாசுரத்தில் அவர் இத்தலத்தின் திருப்பணியைத் தொண்டையர்கோன், அதாவது பல்லவ மன்னன், செய்ததாகப் பாடுகிறார். பல்லவ மன்னன் தந்திவர்மனின் கல்வெட்டு இக்கோயிலில் இருக்கிறது. தந்தி என்றாலும் யானைதான்.

கதையையும் காட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். பாகவதத்தில் கஜேந்திரன் பிடிகளும் கன்றுகளும் சூழத் தலைவனாக வருகிறான். காட்டிலோ கூட்டத்தை நடத்துவது மூத்த பெண்யானை. வளர்ந்த களிறுகள் பெரும்பாலும் தனித்துத் திரியும். ஆனால் சிக்கிக்கொண்டவனை மற்ற யானைகள் இழுத்துக் காப்பாற்ற முயன்று தோற்றன என்று அதே கதை சொல்லும் இடம் காட்டுக்கு முற்றிலும் பொருந்துகிறது. சேற்றிலோ குழியிலோ விழுந்த கன்றை மீட்கத் தாயும் மற்றப் பெண்யானைகளும் சேர்ந்து போராடுவதைக் கண்டவர்கள் பலர்.

என் மனத்தை எப்போதும் நிறுத்தி வைக்கும் இடம் வேறு. ஆழ்வாரின் வேழம் அலறுகிறது. பாகவதத்துக் கஜேந்திரனோ, முற்பிறவியில் இந்திரத்யும்னன் என்ற பாண்டிய மன்னனாக இருந்தபோது கற்ற துதியை, மனத்தை நெஞ்சில் நிலைநிறுத்தி முதலில் உள்ளுக்குள்ளேயே ஓதுகிறான். பெருமான் கருடன்மேல் வருவதைக் கண்ட பிறகுதான் தாமரையைத் துதிக்கையில் உயர்த்தி, பெரும்பாடுபட்டு வாய் திறக்கிறான்.

1984ஆம் ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகர உயிரியல் பூங்காவில் கேத்தரின் பெய்ன் என்ற ஆய்வாளர் யானைக் கொட்டிலின் அருகே இருந்தபோது, காற்றில் ஓர் அதிர்வை உடலால் உணர்ந்தார். ஓசை எதுவும் கேட்கவில்லை. சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியபோது பெரிய ஆர்கன் குழாயின் அருகே உணர்ந்த அதிர்வு அவருக்கு நினைவு வந்தது. ஒலிப்பதிவு செய்து வேகத்தைக் கூட்டிக் கேட்டபோது, மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த குரலில் யானைகள் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. அக்குரல் காட்டில் சில கிலோமீட்டர் வரை செல்லும். நாம் மௌனம் என்று எண்ணி யானையின் அருகில் நிற்கும் வேளையிலும் அது யாரையோ அழைத்துக்கொண்டிருக்கலாம்.

இதை அத்தையிடம் சந்நிதி வாசலிலேயே சொன்னேன். சங்கிலியையும், அந்த அசைவின் காரணத்தையும்கூட அங்கேதான் சொன்னேன். 2003ஆம் ஆண்டில் முதுமலையில் தொடங்கி, பின்னர் மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் பவானி ஆற்றங்கரையில் கோயில் யானைகளுக்கு நடந்த புத்துணர்வு முகாம்களைப் பற்றியும், அங்கே அவை ஒன்றையொன்று துதிக்கையால் தொட்டு நின்றதைப் பற்றியும் சொன்னேன். எங்கள் ஊர் யானை அதற்கெல்லாம் முன்பே போய்விட்டது.

அத்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அது இத்தனை வருஷமும் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கு. நமக்குத்தான் கேக்கலை" என்றார்.

அர்ச்சனைத் தட்டை நீட்டியபோது பட்டர் பெயர் கேட்டார். என் பெயரையும் பேரன் பெயரையும் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அத்தை அந்த யானையின் பெயரைச் சொன்னார். நட்சத்திரம் தெரியாது என்றார். பட்டர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெயரைச் சங்கல்பத்தில் தெளிவாகச் சொல்லி, கருடன்மேல் இருக்கும் வரதரின் திருவடியில் துளசியைச் சமர்ப்பித்தார்.