மண்டிமேல் கிடந்த ஒயின்: முஸ்கதே நாட்குறிப்பு

மார்ச் 8, 2025, சனி, நாந்த், பிரான்சு

தலான்சாக் சந்தையில் இன்று ஒரு டஜன் சிப்பி வாங்கினேன். இதற்கு எந்த ஒயின் பொருந்தும் என்று விற்றவரிடம் கேட்டதற்கு, “இந்த ஊரில் நின்றுகொண்டு இதைக் கேட்கலாமா, ஐயா?” என்று சிரித்துவிட்டு எதிர்க்கடையைக் கைகாட்டினார். ஏழரை யூரோவுக்கு, இந்த வட்டாரத்து வெள்ளை ஒயினான முஸ்கதே ஒரு புட்டி கிடைத்தது. ‘முஸ்கதே செவ்ர்-ஏ-மேன், சூர் லீ, 2023’ என்று முகப்புச் சீட்டில் இருக்கிறது. ஆல்ககால் 12 விழுக்காடு.

அரைமணி நேரம் குளிரட்டும் என்று புட்டியை உறைபெட்டியில் வைத்தவன், சிப்பியைத் திறக்கும் போராட்டத்திலும் விரலில் பட்ட வெட்டுக்குக் கட்டுப்போடுவதிலும் அதை மறந்தே போனேன். எடுத்து ஊற்றியபோது கிண்ணத்தின் வெளிப்புறம் முழுவதும் பனித்திருந்தது. முகர்ந்தால் ஒன்றும் இல்லை. குடித்தால் பல் கூசியது. ‘புளித்த தண்ணீர், காசுக்கு ஏற்ற சரக்கு’ என்று இந்தக் குறிப்பேட்டில் எழுதியும் விட்டேன். சிப்பி ஓடுகளைக் கழுவி ஒதுக்கிவிட்டு இருபது நிமிடம் கழித்து வந்து அதே கிண்ணத்தைக் கையில் எடுத்தபோது, எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறினால் எழுமே, அந்த வாசனை மெல்ல வந்தது. மேலே எழுதியதை அடிக்கவில்லை; என் அவசரத்துக்குச் சாட்சியாக இருக்கட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

மிச்சமிருந்த அரைப் புட்டியை இன்று சமையல் வெப்பமானியோடு உட்கார்ந்து குடித்தேன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தபோது 5 பாகை. அந்தக் குளிரில் புளிப்பு மட்டும் கத்திபோல நிற்கிறது, மற்றவை ஒளிந்துகொள்கின்றன. வாசனைப் பொருள்கள் ஆவியாகி மூக்கை எட்டுவதற்குச் சிறிது வெப்பம் வேண்டும். 9 பாகையில் பச்சை ஆப்பிளும் எலுமிச்சையும் தெளிவாகத் தெரிந்தன. 11 பாகையில் அவற்றுக்கு அடியில் வேறொன்று எழுந்தது. அதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் புளித்த ரொட்டி மாவைச் சொல்வார்கள். எனக்கோ விடியற்காலையில் பானையைத் திறந்தால் வரும் நீராகாரத்தின் மணம்தான் நினைவுக்கு வந்தது.

நினைத்துப் பார்த்தால் இந்த ஒப்புமையில் வியப்பில்லை. சூர் லீ என்றால் ‘மண்டியின் மேல்’ என்று பொருள். திராட்சைச் சாறு நொதித்து முடிந்ததும் ஈஸ்ட் செத்து அடியில் மண்டியாகப் படியும். பல வெள்ளை ஒயின்களில் தெளிவை விரைவிலேயே இறுத்துவிடுவார்கள். இங்கே ஒரு குளிர்காலம் முழுவதும் ஒயினை அந்த மண்டியின் மேலேயே கிடக்க விட்டு, அடுத்த ஆண்டு மார்ச் 1-க்குப் பிறகே புட்டியில் அடைக்கிறார்கள். செத்த ஈஸ்ட் மெதுவாகச் சிதைந்து தன் உடலிலிருந்த புரதச் சத்துகளை ஒயினுக்குள் விடுவதால், இயல்பில் மெலிந்த இந்த ஒயினுக்குக் கொஞ்சம் சதை பிடிக்கிறது. நாக்கில் ஊசிமுனையால் தொட்டதுபோல வந்த சிறு குறுகுறுப்பும் இதன் விளைவுதான். ஒயினை இடம் மாற்றாமல் நேரே புட்டியில் இறக்குவதால் நொதித்தலில் பிறந்த கரியமில வாயுவில் ஒரு துளி உள்ளேயே தங்கிவிடுகிறது.

மார்ச் 11, செவ்வாய்

பெயரைக் கேட்டு முஸ்கா திராட்சையின் இனிப்பை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். முஸ்காவுக்கும் இதற்கும் உறவில்லை. திராட்சையின் பெயர் மெலோன், ஊர் பிரான்சின் கிழக்கே உள்ள பர்கண்டி. அங்கே அதை மதிப்பில்லாத இனம் என்று பலமுறை பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். ஆனால் 1999-இல் வந்த மரபணு ஆய்வு, மெலோனும் உலகப் புகழ்பெற்ற வெள்ளைத் திராட்சையான ஷார்தொனேயும் பினோ, கூவே பிளான் என்ற ஒரே பெற்றோருக்குப் பிறந்த உடன்பிறப்புகள் என்று காட்டியது. ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று அரண்மனைக்கும் ஒன்று மீன்கடைக்கும் போன கதை.

மெலோன் இங்கே நிலைத்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் லுவார் ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்த டச்சு வணிகர்களுக்கு, காய்ச்சி வடித்துப் பிராந்தியாக்க மலிவான வெள்ளை ஒயின் ஏராளமாகத் தேவைப்பட்டதால், சிவப்புத் திராட்சை இருந்த நிலங்கள் வெள்ளைக்கு மாறின. பிறகு 1709-இன் பெருங்குளிர் வந்தது. கடலோரத்திலேயே நீர் உறைந்த அந்தக் குளிர்காலத்தில் கொடிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. குளிரைத் தாங்கும் இனம் என்று பெயர் எடுத்த மெலோனைத்தான் பின்னர் பெருமளவில் நட்டார்கள்.

மார்ச் 15, சனி, லெ பாலே

நாந்திலிருந்து கிளிசோன் போகும் ரயிலில் ஏறி லெ பாலேயில் இறங்கினேன். (மெய்யியலாளர் அபெலார் பிறந்த ஊர் இது.) கவாத்து ஏறக்குறைய முடிந்திருந்தது, வெட்டிய கொடிக்குச்சிகள் வரிசைகளுக்கு இடையே குவிந்து கிடந்தன.

முன்கூட்டிச் சொல்லி வைத்திருந்த விவசாயி ஒருவர் தம் கிடங்கைத் திறந்து காட்டினார். மரப் பீப்பாய்களை எதிர்பார்த்துப் போன எனக்குத் தரையில் வட்ட மூடிகள் மட்டுமே தெரிந்தன. இந்த வட்டாரத்தின் வழக்கப்படி ஒயின் நிலத்துக்கு அடியில், உட்புறம் கண்ணாடி ஓடு பதித்த சிமெண்டுத் தொட்டிகளில் கிடக்கிறது. மண்ணே வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்கிறது. ஒரு மூடியைத் தூக்கி, நீளக் குழாயால் 2024 ஒயினை உறிஞ்சி எடுத்து என் கிண்ணத்தில் விட்டார். லேசாகக் கலங்கியிருந்தது. கிண்ணத்தின் உட்சுவரில் கடுகைவிடச் சிறிய குமிழ்கள் ஒட்டிக்கொண்டு, ஆட்டியதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று மேலே போயின. மாங்காய் வடுவைக் கடித்ததுபோன்ற புளிப்பு. “அடுத்த வாரம் புட்டிக்குப் போகிறது. நீங்கள் கோடையில் வந்து குடியுங்கள், இப்போது இது சிறுபிள்ளை” என்றார்.

இந்த ஒயினைக் குடித்தால் நாவில் தெரியும் உப்புச் சுவை எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். இங்குள்ள நைஸ், கருங்கல், கேப்ரோ பாறைகளைப் பற்றி அவர் உருக்கமாகப் பேசினார். மண்ணுக்கு ஏற்ப ஒயின் மாறுகிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் வேர் பாறையை உறிஞ்சி அதன் சுவையையே நாவுக்குத் தருகிறது என்பது கேட்க இனிமையான பேச்சு, அவ்வளவுதான். பச்சை ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலம் இந்த ஒயினில் பெரும்பாலும் அப்படியே விடப்படுகிறது. அந்தப் புளிப்பால் எச்சில் ஊறுவதையே நாக்கு உப்பு என்று எடுத்துக்கொள்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. இதை அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அதே ஏழரை யூரோ ஒயின், இரண்டாவது புட்டி, 9 பாகை. லா துர்பால் துறைமுகத்து மத்தி மீனுக்கு உப்பும் மிளகும் மட்டும் தடவிச் சுட்டேன். மீன் எண்ணெய் நாவில் படிய, ஒவ்வொரு மிடறும் அதைத் துடைத்து எடுத்தது. எலுமிச்சை பிழியும் வேலையை ஒயினே செய்துவிட்டது. பாதி மீனுக்கு மிளகாய்த்தூளும் பூசியிருந்தேன். அதோடு குடித்தபோது பழவாசனை எல்லாம் ஓடிப்போய் எரிச்சல் மட்டும் நின்றது. இந்த ஊரின் வெண்ணெய்ச் சாறான பேர் பிளானையும் முயன்றேன்: பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயத்தை வினிகரிலும் முஸ்கதேயிலும் வற்றவிட்டு, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்த்து அடிக்க வேண்டும். என்னுடையது திரிந்துவிட்டது.

மார்ச் 22, சனி

கிளிசோன் ஊரின் பெயரையே தாங்கிய முஸ்கதே, 2019, பதினைந்து யூரோ. கிளிசோன், கோர்ஜ், லெ பாலே ஆகிய மூன்று ஊர்களுக்கும் 2011-இல் இந்தத் தனித் தகுதி கிடைத்தது. கிளிசோனில் ஒயின் குறைந்தது 24 மாதம் மண்டிமேல் கிடக்க வேண்டும். பழைய ஏழரை யூரோ ஒயினைப் பக்கத்தில் ஊற்றி வைத்து மாற்றி மாற்றிக் குடித்தேன்.

நிறத்திலேயே வேறுபாடு: அது இளநீர்போல, இது வைக்கோல்போல. மணத்தில் பச்சைக் காய் இல்லை. பழுத்த சீமைப் பேரிக்காயும் சிறிது தேன்மெழுகும் இருந்தன. வாயில் கனம் கூடியிருக்கிறது, விழுங்கிய பிறகும் நாரத்தைத் தோலின் மெல்லிய கசப்பு நெடுநேரம் நிற்கிறது. ஆனால் சிப்பிக்கு இது வேண்டாம்; சிப்பியின் கடல்நீரை இது மூடிவிடுகிறது. அங்கே மலிவானதே மேல் என்று, விலையைப் பார்க்காமலே, அடித்துச் சொல்வேன்.

கிளிசோனில் அரைப் புட்டி மிச்சம். தக்கையிட்டுக் குளிர்பெட்டியின் கதவில் நிறுத்தியிருக்கிறேன். திங்கட்கிழமை 12 பாகையில் மறுபடி ஊற்றிப் பார்க்க வேண்டும்.