யோகோஹாமா தூண்டில் திருவிழா: தொட்டுப் பார்த்தது ஒன்று, வாங்கி வந்தது வேறொன்று

சென்னை விமான நிலையத்தில் தொடங்கிய எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதை முதலில் இறக்கி வைத்துவிட்டு யோகோஹாமாவுக்கு வருகிறேன்.

தூத்துக்குடியில் கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்கள் பலரும் செய்வதுபோல, பி.வி.சி. பைப்பை வெட்டி இரண்டு பக்கமும் மூடி போட்டு, அதற்குள் என் ராடை, அதாவது தூண்டில் கம்பை, வைத்து எடுத்துப் போயிருந்தேன். ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல் நீளம். எடை 2 கிலோகூட இல்லை. கவுண்டரில் இருந்தவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நீளமான பொருள், தனிக் கட்டணம் 4,500 ரூபாய் என்றார். அந்த ராடை நான் வாங்கியதே 3,200 ரூபாய்க்கு! டிக்கெட் போடும்போது விளையாட்டுப் பொருள் கொண்டுவரலாம் என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். நீளத்துக்குத் தனிக் காசு என்று எங்கேயும் போடவில்லை. கேட்டால், "ரூல்ஸ் சார்". இருபது நிமிடம் பேசிப் பார்த்தேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கட்டிவிட்டேன்.

அதே விமானம் கோலாலம்பூரில் இரண்டு மணி நேரம் தாமதம். டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் இறங்கி, குடிநுழைவு முடித்து, அந்தப் பைப்பையும் தேடி எடுத்து வெளியே வரும்போது கடைசி ரயில் போய்விட்டது. அக்கா வீடு கவாசாகியில். ரயிலில் சில நூறு யென்னில் முடிய வேண்டிய தூரம் அது. டாக்சிதான் வழி. அப்போது மீட்டர் 500 யென்னில் தொடங்கியது. முதல் ஒரு கிலோமீட்டரைத் தாண்டியதும் 255 மீட்டருக்கு ஒரு தடவை 100 யென் ஏறியது. இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை அதற்கு மேல் 20 சதவீதம் கூடுதல். ஓட்டுநர் மேல் ஒரு குறையும் இல்லை. வெள்ளைக் கையுறை, பைப்பைக் குறுக்கே வைக்க அவரே சீட்டைச் சரிசெய்து கொடுத்தார். ஆனால் 6,700 யென். அன்றைக்கு 100 யென் நம் காசுக்கு 56 ரூபாய், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாமான் வாங்குவதற்கு என்று நான் எடுத்து வைத்ததே மொத்தம் 40,000 யென். முதல் இரவிலேயே அதில் ஆறில் ஒரு பங்கு டாக்சியில் போயிற்று. நள்ளிரவில் இறங்கும் மலிவு டிக்கெட்டை யாரும் மலிவு என்று நம்பாதீர்கள்.

போனது எதற்கு என்று சொல்லவில்லையே. ஒவ்வொரு ஜனவரியிலும் யோகோஹாமாவின் பசிஃபிகோ கண்காட்சி அரங்கில் ஜப்பானியத் தூண்டில் தொழில்காரர்கள் எல்லோரும் கூடி, அந்த ஆண்டுக்கான புதுச் சரக்கைக் காட்டுவார்கள். முன்பு ஜப்பான் ஃபிஷிங் ஷோ என்று பெயர், இப்போது 'சுரி ஃபெஸ்டிவல்'. சுரி என்றால் தூண்டில் போடுவது. நடத்துவது அங்குள்ள தூண்டில் கருவி உற்பத்தியாளர் சங்கம். அமெரிக்காவில் ஆர்லாண்டோவில் நடக்கும் ஐகாஸ்ட் தூண்டில் கண்காட்சி வியாபாரிகளுக்கு மட்டும்தான். நம்மை உள்ளே விடமாட்டார்கள். யோகோஹாமாவில் டிக்கெட் எடுத்தால் யாரும் போகலாம். பத்து வருடமாக நான் படத்தில் மட்டும் பார்த்துவந்த இடம் இது. 2024 ஜனவரி 20, சனிக்கிழமை, கால் வைத்துவிட்டேன்.

அன்று காலை அக்கா சுட்ட இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டே டி.வி. பார்த்தோம். புத்தாண்டு அன்று ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் வந்த 7.6 அளவு நிலநடுக்கச் செய்திதான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சில இடங்களில் கடல்தரையே 4 மீட்டர் வரை மேலே எழும்பிவிட்டதாம். துறைமுகத்தில் தண்ணீர் இருந்த இடம் பாறையாகத் தெரிகிறது, படகுகள் தரைதட்டி நிற்கின்றன. சுனாமி அன்று கடல் உள்வாங்கியதைக் கேட்டு வளர்ந்தவன் நான். உள்வாங்கிய கடல் திரும்பி வரும். இங்கே தரையே ஏறிவிட்டது, தண்ணீர் திரும்பாது. அந்தப் படகுக்காரர்கள் என்ன செய்வார்கள் என்ற நினைப்பு அரங்குக்குள் போகும் வரை கூடவே வந்தது.

கவாசாகியிலிருந்து சகுராகிச்சோ வரை ஒரே ரயில். மினாட்டோமிராய் லைனுக்கு மாறினால் அரங்குக்குப் பக்கத்திலேயே இறங்கலாம், ஆனால் அதற்குத் தனி டிக்கெட். பெரிய ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டே நடந்துவிட்டோம், கால் மணி நேரம்தான். குளிர் மட்டும் காதை அறுத்தது.

உள்ளே 20,000 சதுர மீட்டர். எங்கே பார்த்தாலும் ராடு, நரம்பைச் சுற்றும் ரீல், லூர் என்கிற போலி இரை, நரம்பு, முள். ஆறு வயது மருமகள் சிறுவர்கள் டிரவுட் மீன் பிடிக்கும் தொட்டியைக் கண்டதும் அக்காவை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். நானும் அத்தானும் நேராக ரீல் வரிசைக்குப் போனோம்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். உப்பு. உப்பளக் காற்று அடிக்கும் ஊரில் ரீல் வைத்திருப்பவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும். என் கடைசி ரீல் எட்டு மாதம்கூடத் தாங்கவில்லை. முதலில் போவது எப்போதும் லைன் ரோலர் பேரிங். நரம்பு ஏறி இறங்கும் அந்தச் சின்ன உருளைக்குள் உப்பு இறங்கியதும் கிரீச்சென்று சத்தம் வரும், பிறகு இறுகி நின்றுவிடும். நரம்பு முறுக்கேறிச் சிக்கு விழும். பாறை மீன் இழுக்கும்போது அப்படி நின்றால் நரம்பு போச்சு, மீன் போச்சு.

அந்த ஆண்டு மேடையேறிய ரீல்களில் இரண்டைச் சுற்றித்தான் கூட்டம்: டைவா கம்பெனியின் புது செர்டேட், ஷிமானோ கம்பெனியின் புது ட்வின் பவர். நம் ஊரில் ஷிமானோ என்றால் கியர் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். அதுவும் சரிதான். 1921-இல் ஒசாகா பக்கம் சகாய் ஊரில் தொடங்கிய பட்டறை அது, முதலில் செய்தது சைக்கிள் ஃப்ரீவீல், தூண்டில் பக்கம் வந்தது 1970-இல். சகாய் கத்திக்குப் பேர்போன ஊர். இரும்பை அறிந்த கை என்பது அவர்கள் ரீலின் கைப்பிடியைச் சுற்றும்போது தெரிகிறது.

செர்டேட்டைத் தொட அரை மணி நேரம் வரிசையில் நின்றோம். தகும். அலுமினியத்தில் ஒரே கூடாகச் செய்த உடம்பு, முன்பக்கம் சுழலும் ரோட்டர், நரம்பைப் பிடிக்கும் கம்பி வளையமான பெயில் எல்லாவற்றிலும் எடையைக் குறைத்திருக்கிறார்கள். விரலால் தட்டினாலே சுற்றத் தொடங்குகிறது, நிறுத்தினால் அந்த இடத்திலேயே நிற்கிறது. ஜிக் என்கிற சின்ன உலோக இரையைத் துள்ளவிட்டுத் துள்ளவிட்டு இழுக்கிறவனுக்கு இது பெரிய வரம். உப்பைத் தடுக்க மேக்சீல்ட் என்ற ஏற்பாடு: காந்தத்துக்கு ஒட்டும் எண்ணெயை இடைவெளியில் சுவர்போல நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அதைத் தாண்டிக் கடல்நீர் போகாது. கேட்கவே ஆசையாக இருந்தது. ஆனால் அந்த இடத்தை நாமே திறந்து எண்ணெய் விடக்கூடாது. பழுதானால் கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டும். தூத்துக்குடியிலிருந்து எங்கே அனுப்புவது? ஜப்பான்காரருக்குச் சரி, எனக்குச் சரிப்படாது. இதை நான் எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்வேன்.

ட்வின் பவரில் தண்ணீரை ஒட்டவிடாத பூச்சும், தண்ணீர் நேராக நுழைய முடியாதபடி வளைந்து போகும் வழியும். திறந்து துடைக்கலாம், எண்ணெய் விடலாம். சுற்றும்போது, நரம்பு சேரும் உருளையான ஸ்பூல் மெதுவாக ஏறி இறங்குவதால் நரம்பு நெருக்கமாக, தறியில் ஊடை விழுவதுபோல அடுக்கிக்கொள்கிறது. வீசும்போது தடையில்லாமல் கழன்று போகுமாம். எனக்கு மிகவும் பிடித்தது இதெல்லாம் இல்லை. லைன் ரோலருக்குக் கீழே நகத்தளவுக்கு ஒரு சின்னத் தகடு. தளர்ந்த நரம்பு நழுவி ஸ்பூலில் தொளதொளவென்று சுற்றிக்கொள்ளாமல் அது பிடித்துக்கொடுக்கிறது. கச்சான் காற்றில் ஒரு மணி நேரம் நின்று சிக்கு எடுத்தவர்களுக்கு அந்தத் தகட்டின் அருமை தெரியும். அதைச் செய்தவர் கட்டாயம் காற்றில் நின்று திட்டியவராக இருக்க வேண்டும்!

அரங்கில் நின்ற இளைஞரிடம் அத்தானை விட்டு ஜப்பானியத்தில் கேட்கச் சொன்னேன்: உப்பு அதிகமுள்ள ஊர், எப்படிப் பராமரிப்பது? அவர் பொறுமையாகச் செய்தே காட்டினார். மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் டிராக்கை முழுக்க இறுக்கு. நல்ல தண்ணீரை மேலிருந்து பூப்போல ஊற்று. வாளியில் முக்காதே. உதறி, நிழலில் காயவை, காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்து. அத்தான் மொழிபெயர்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாப்ள, நீ வாளில முக்கித்தான வைப்ப?"

"ஆமா அத்தான். எல்லாரும் அப்டித்தான செய்றாவ."

பத்து வருடப் பழக்கம். எத்தனை ரீலை என் கையாலேயே கொன்றிருக்கிறேன் என்று நினைத்தபோது வயிறு பிசைந்தது. ஊரில் இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே வாளியை நிறுத்துங்கள்.

மற்றதெல்லாம் வேகமாகச் சொல்கிறேன். ஜிக், எடைக்கட்டி எல்லாம் ஈயத்திலிருந்து டங்ஸ்டனுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. ஈயத்தின் அடர்த்தி 11.3, டங்ஸ்டனுக்கு 19.3, அதே எடை பாதிக்குக் கொஞ்சம் கூடுதலான அளவிலேயே முடிந்துவிடுகிறது, சட்டென்று அடிக்குப் போகிறது. விலையைக் கேட்டுவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். நம் கரையில் பாறைக்கு இடையில் ஒரு நாளைக்கு மூன்று ஜிக் சிக்கிப் போகும், கட்டுபடியாகாது. முள் பக்கம் போனால் கமகட்சு, ஓனர் என்ற இரண்டு கம்பெனிகளுமே ஹியோகோ மாகாணத்து நிஷிவாக்கி வட்டாரத்துக்காரர்கள். கணவாய்க்கு ஒரு முள், கொடுவாய்க்கு ஒரு முள், விரல்நீள மீனுக்கும் தனி முள். அந்த வரிசையில் மட்டும் ஒரு மணி நேரம் போயிற்று.

இப்போது முக்கியமான விஷயம். அங்கே தொட்டுப் பார்க்கலாம், வாங்க முடியாது. காட்சிக்கு வைத்த ரீல் கடைக்கு வருவதே இன்னும் சில வாரம், சில மாதம் கழித்துத்தான். சட்டை, தொப்பி மாதிரி சில்லறைச் சாமான் சில இடத்தில் விற்கிறார்கள். இது தெரியாமல் காசோடு போய் நின்றால் ஏமாற்றம்தான். எனக்கு முன்பே தெரியும், அதனால்தான் கிளம்பினேன். ஏனென்றால் புது மாடலை மேடையில் ஏற்றிய அன்றைக்கே பழைய மாடல் விலை சரியத் தொடங்கும். நம்மைப் போன்றவர்களுக்கு இந்தத் திருவிழாவின் உண்மையான லாபம் அரங்குக்கு வெளியேதான் இருக்கிறது.

அதற்கு முன் சாப்பாடு. அரங்குக்குள் வரிசையும் விலையும் பார்த்துப் பயந்து வெளியே வந்து, சகுராகிச்சோ பக்கம் ஒரு சந்தில் பத்துப் பேர் மட்டும் உட்காரக்கூடிய கடைக்கு அத்தான் கூட்டிப்போனார். அஜி ஃப்ரை. அஜி என்பது நம் பாறை மீன் குடும்பம்தான், வாலோரம் ஓடும் அந்தச் சொரசொரப்பான செதில் வரிசையைப் பார்த்தாலே தெரியும். முதுகைப் பிளந்து விரித்து, பிரெட் தூளில் புரட்டிப் பொரித்திருந்தார்கள். கடித்தால் மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. துளி நாற்றம் இல்லை, துளி எண்ணெய் ஒட்டவில்லை. பக்கத்தில் நூலாக அரிந்த முட்டைக்கோஸ், கடுகு விழுது, மிசோ சூப், சோறு. சோறு எத்தனை தடவை கேட்டாலும் காசில்லை. மூன்று தடவை வாங்கினேன். 900 யென். பாறை மீனைக் குழம்பிலேயே பார்த்து வளர்ந்தவன் சொல்கிறேன்: இது வேறு உலகம். மருமகள், தான் தொட்டியில் பிடித்த டிரவுட் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் என் தட்டில் வால் மட்டும் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை துறைமுக ஓரம் கட்டணம் கட்டித் தூண்டில் போடும் துறை ஒன்றுக்குப் பஸ் பிடித்துப் போனோம். காற்று அதிகம் என்று மூடியிருந்தார்கள். திரும்பி வர அடுத்த பஸ்ஸுக்கு ஐம்பது நிமிடம், மறைவே இல்லாத நிறுத்தத்தில், கையில் அந்தப் பைப். 4,500 ரூபாய் கட்டிக் கொண்டுவந்த ராடு ஜப்பான் தண்ணீரைப் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை டாக்கிள் பெர்ரி. பழைய தூண்டில் சாமான் வாங்கி விற்கும் சங்கிலிக் கடை, ஜப்பானில் பல ஊர்களில் உண்டு. ஒவ்வொரு ரீலிலும் அதன் நிலைக்கு ஓர் எழுத்து, எங்கே கீறல், என்ன குறை என்று கையால் எழுதிய சீட்டு. எழுதியது எழுதியபடி இருக்கிறது. 2020-இல் வந்த முந்தைய ட்வின் பவர் ஒன்று, அடிப்பக்கம் சின்னக் கீறல், 21,800 யென். அந்தத் தகடு இதில் கிடையாது. ஆனால் புதியதற்கு 50,000 யென்னுக்கு மேல் போகும். கைப்பிடியைச் சுற்றினேன். சனிக்கிழமை சுற்றியது கைக்கு நினைவிருந்தது. வித்தியாசம் உண்டு, ஆனால் விலையில் உள்ள அளவுக்கு இல்லை. எடுத்துவிட்டேன்.

பக்கத்து அலமாரியில் நாலு துண்டாகக் கழற்றிப் பெட்டிக்குள் வைக்கும் பயண ராடு, 9,800 யென். திரும்பும்போதும் அந்தப் பைப்புக்கு 4,500 ரூபாய், அதாவது 8,000 யென் அழ வேண்டும். அதற்கு இதையே வாங்கிவிடலாம் என்று தோன்றியது. முள் பொட்டலங்கள் 1,200 யென். டாக்சியையும் சேர்த்தால் 39,500. நாற்பதுக்குள் முடித்துவிட்டேன்.

பைப்பையும் பழைய ராடையும் அத்தானிடமே விட்டு வந்தேன். நேற்று இரவு போனில் பேசினார். காற்று அடங்கியதும் அந்தத் துறைக்குத் தனியாகப் போயிருக்கிறார். கையகல அஜி நாலு.

"மாப்ள, ஒன் ராடு நல்ல ராடுதான்ல."