பூச்சி செத்துப்போச்சா, டாக்டரம்மா?

சொத்தைப் பல்லை அடைத்து முடித்ததும் நாற்காலியிலிருந்து எழும் வயதானவர்களில் பலர் இதைத்தான் கேட்பார்கள். பணியில் சேர்ந்த புதிதில் தயங்காமல் "ஆமாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

பல்லில் இருப்பது பூச்சியன்று. 1924-இல் இங்கிலாந்தில் கிளார்க் என்பவர் சொத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்துப் பெயரிட்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள். நாம் உண்ணும் சர்க்கரையை அவை அமிலமாக மாற்ற, பல்லின் மேல் படியும் படலத்தில் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமல் கரையத் தொடங்குகிறது.

இவற்றை அடைப்புப் பொருளே கொன்றுவிடும் என்று நம்பிய காலம் எனக்கும் இருந்தது. பாதரசமும் வெள்ளியும் செம்பும் கலந்த அமால்கத்திலிருந்து கசியும் உலோக அயனிகள் பாக்டீரியாவை ஓரளவு ஒடுக்குகின்றன. அமால்கம் அரிபடும்போது உண்டாகும் பொருள்கள் ஓர இடைவெளியையும் நிரப்பிவிடுகின்றன. கறுத்து அழகிழந்த பழைய அமால்கத்தின் அடியில் பல் உறுதியாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பல் நிறத்திலுள்ள காம்போசிட்டுக்கு அந்தக் குணம் இல்லை. இறுகும்போது சிறிது சுருங்கவும் செய்யும். ஈறோரத்தில் எச்சில் ஈரத்தைச் சரியாகத் தடுக்காமல் அவசரமாக நான் வைத்த காம்போசிட் ஒன்று, இரண்டே ஆண்டில் ஓரத்தில் பழுப்புக் கோட்டுடன் திரும்பி வந்தது. குற்றம் பொருளினுடையது அன்று, என்னுடையது. கிளாஸ் அயனோமர் என்னும் இன்னோர் அடைப்புப் பொருள் ஃபுளோரைடை வெளியிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் முதல் ஓரிரு நாள்களில்தான் அது மிகுதியாக வெளியேறுகிறது, பின்னர் கசிவது மிகக் குறைவு.

பயிற்சிக் காலத்தில், கடைசிக் கிருமிவரை சுரண்டியெடுக்க வேண்டும் என்ற வைராக்கியத்தில், ஒரு சிறுவனின் பல்லுக்குள் நரம்பு இருக்கும் பற்கூழையே திறந்துவிட்டேன். இப்போது ஓரங்களை மட்டும் கெட்டியான பல் தெரியும்வரை சுத்தம் செய்து, கூழுக்கு அருகிலுள்ள மென்மையான அடுக்கை விட்டுவைத்து, மேலே இறுக மூடிவிடுகிறேன். உணவு கிடைக்காத பாக்டீரியாக்கள் உள்ளே பெரும்பாலும் ஒடுங்கிப்போகின்றன.

சென்ற வாரம் கிளாஸ் அயனோமர் வைத்த ஒரு பாட்டி வழக்கமான கேள்வியைக் கேட்டபோது, "கொஞ்சம் உள்ளேதான் இருக்கும் பாட்டி, சோறு தண்ணி போகாமல் அடைத்துவிட்டேன்" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அதுக்குச் சரி, நான் எப்போ சாப்பிடலாம்?" என்றார். ஒரு மணி நேரம் பொறுக்கச் சொன்னேன்.