முப்பத்தேழு டிகிரி

ஜனவரி 11, வியாழன்

அப்பாவுக்கு இன்றும் 102. அக்கா மூன்று வேளையும் தெர்மாமீட்டரைப் படம் எடுத்து அனுப்புகிறாள். டிக்கெட் போடட்டுமா என்று கேட்டால், “ரத்த ரிசல்ட் வரட்டும்டா, பொறு” என்கிறாள்.

ஜனவரி 12

102.4. விடியும்வரை தூக்கமில்லை.

ஜனவரி 13, சனி

போனையே பார்த்துக்கொண்டு அறையில் கிடக்க முடியவில்லை. வைமார் ஸ்டேஷன் வாசலில் 6ஆம் நம்பர் பஸ் ஏறி புக்கன்வால்டு போனேன். நாஜிகளின் பழைய வதைமுகாம். ஜெர்மனிக்கு, இந்த யேனா ஊருக்கு வந்த நாளிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த இடம்.

கேட்டில் இரும்பு எழுத்துகள்: ‘அவரவருக்கு உரியது அவரவருக்கு’. உள்ளே நிற்பவர்கள் படிக்கும்படி திருப்பி வைத்திருக்கிறார்கள். மேலே கடிகாரம் 3:15இல் நிற்கிறது. 1945 ஏப்ரல் 11, முகாம் விடுபட்ட நேரம். கைதிகளை நிறுத்தி எண்ணிய மைதானம், அப்புறம் சரிவு முழுக்கப் பனி.

மைதானத்தில் தரையோடு பதித்த ஓர் உலோகத் தகடு. அதன்மேல் மட்டும் பனி இல்லை, ஈரமாக மின்னியது. இங்கே அடைபட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்டினரின், இனத்தவரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. வருஷம் முழுக்க அதை 37 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். மனித உடம்பின் சூடு. கையுறையைக் கழற்றி, மண்டியிட்டு, முதலில் புறங்கையை வைத்தேன். அம்மா எங்களுக்குக் காய்ச்சல் பார்த்தது அப்படித்தான். அப்புறம் உள்ளங்கை. பனியில் ஊன்றிய இடது கை விறைத்துவிட்டது, வலது கையை எடுக்க மனசு வரவில்லை. பின்னால் பள்ளிப் பிள்ளைகள் வந்து நின்றதும்தான் எழுந்தேன்.

நம் கணக்கில் 98.6.

ஜனவரி 14

கரடிக் கூண்டு. நேற்று அதை எழுதாமல் விட்டேன். தகனக் கூடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வேலிக்கு அந்தப் பக்கம். முகாமை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ்.ஸின் காவலர்கள் பொழுதுபோக்குவதற்காக 1938இல் கைதிகளை வைத்தே கட்டிய மிருகக்காட்சி சாலை. குடும்பத்தோடு வந்து கரடி பார்த்திருக்கிறார்கள். வேலிக்குள் பட்டினியில் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். இந்த முகாமில் செத்தவர்கள் சுமார் 56,000 பேர். கரடிக்கு வேளாவேளைக்குத் தீனி போட்டிருப்பார்கள் இல்லையா? கூட வந்த குழந்தைகள் வேலிப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லையா? பார்த்து, யார் அவர்கள் என்று கேட்டிருந்தால் அப்பாமார் என்ன சொல்லியிருப்பார்கள்? ராத்திரி முழுக்க இதுதான் ஓடுகிறது.

101.

ஜனவரி 15

டெங்கு. பிளேட்லெட் குறைகிறதாம். அக்கா பொங்கல் வைக்கவில்லை. நானும்.

ஜனவரி 16

வீடியோவில் அப்பா. “அங்க குளிர் எப்படிப்பா?” என்றுதான் கேட்டார். புக்கன்வால்டு போனதைச் சொல்லவில்லை. அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன் அக்காவிடம். “அதான் தெர்மாமீட்டர் இருக்குல்ல” என்றாள். வைச்சுப் பாருக்கா என்றேன். வைத்தாள்.

அந்தக் கூண்டின் சுவர் இன்னும் இடிந்து கிடக்கிறது.

ஜனவரி 17

இன்று வந்த படம் மங்கல். 99.1ஆ, 101.1ஆ தெரியவில்லை. கேட்டு ஒரு மணி நேரமாகிறது.