மையோடி சரியாகத்தான் இருந்தது, சீரம்தான் கவிழ்த்தது

மனிதத் தோல் செல்லைத் தசைச் செல்லாக மாற்றுவதுதான் எங்கள் வேலை. இதற்கு மையோடி என்ற ஒரே ஜீன் போதும் என்று எலிக் கருவின் இணைப்புத் திசுச் செல்களில் 1987-லேயே காட்டிவிட்டார்கள். மனித செல் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும், ஆனாலும் மாறும். நெறிமுறைக் குழு அனுமதியும் ஸ்டெம் செல் குழு அனுமதியும் இழுத்தடிக்காமல் வந்தன. செல்லுக்குள் ஜீனைச் சுமந்து செல்லும் லென்டிவைரஸ் வழியாக அதை ஏற்றியதிலும் சிக்கலில்லை. டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தைப் போட்டால்தான் ஜீன் இயங்கும்; அதுவரை செல்கள் பேசாமல் பெருக வேண்டும்.

எங்களை அலைய விட்டது பர்ச்சேஸ் செக்‌ஷன். செல் வளர்க்க ஊற்றும் கன்றுக்குட்டி சீரம், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர், வேண்டும்; அதில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கலந்திருக்கக் கூடாது என்று இன்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) போட்டிருந்தோம். கிளார்க் கொட்டேஷன்களைப் புரட்டிவிட்டு, "எல்லாம் மாட்டு சீரம்தானே சார், இது மட்டும் ஏன் இவ்வளவு விலை?" என்றார். ஆர்டர் விலை குறைந்தவருக்கே போனது. விளக்கப் போனால் அவர் லீவு, மறுபடி போனால் "ஃபைல் மேல போயிடுச்சு." மார்ச் முடிந்தால் நிதி திரும்பிவிடும் என்பதால், வந்ததை வாங்கிக்கொண்டோம்.

செல்கள் பெருகவே இல்லை. மைகோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியா புகுந்துவிட்டதோ என்று பயந்து சோதித்தால், அதுவும் இல்லை. கடைசியில் மருந்தே போடாத கன்ட்ரோல் டிஷ்தான் காட்டிக்கொடுத்தது. தசைச் செல்லின் அடையாளப் புரதமான டெஸ்மினுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தால் அங்கங்கே பளிச்சென்று மின்னுகிறது! மாடுகளுக்குக் கொடுக்கும் டெட்ராசைக்ளின் சீரத்திலும் தங்கிவிடும். டாக்ஸிசைக்ளினும் அதே குடும்பம்தான். துளி இருந்தாலே மையோடி விழித்துக்கொள்ளும். அது விழித்தால் செல் பெருகுவதை நிறுத்திவிடும்.

இன்டென்ட்டில் வெறுமனே கேட்டால் போதாது. டெட்ராசைக்ளின் இல்லை என்ற பரிசோதனைச் சான்றிதழ் கட்டாயம் என்று தொழில்நுட்ப விவரக்குறிப்பிலேயே எழுதுங்கள். சான்றிதழ் தராதவர் விலை பார்க்கும் முன்பே கழன்றுவிடுவார். மொத்தமாக வாங்குமுன் சாம்பிள் பாட்டில் கேளுங்கள். மருந்தில்லாத டிஷ்ஷை ஒருபோதும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இரண்டாவது ஆர்டரில் சரியான சீரம் வந்தது. செல்கள் நெருக்கமாக நிரம்பியதும் மருந்து போட்டு, 2 சதவீதக் குதிரை சீரத்துக்கு மாற்றினோம். ஒன்றோடொன்று இணைந்து நீண்ட இழைகளாயின. ஒரே இழைக்குள் வரிசையாகப் பல உட்கருக்கள்! வைரஸும் மாட்டு சீரமும் இருக்கும்வரை இதை அப்படியே நோயாளி உடம்பில் வைக்க முடியாது. இப்போதைக்கு டூஷென் தசைச்சிதைவுக்கான மருந்துகளைச் சோதிக்கத்தான்.

பழைய சீரம் இன்னும் ஃப்ரீசரில் கிடக்கிறது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிவிட்டதால் திருப்பி அனுப்ப முடியாதாம். வேறு சாதாரண கல்ச்சர்களுக்கு ஊற்றித் தீர்த்துக்கொண்டிருக்கிறோம்.