பிரேக் அதிர்வு: மூன்றாவது முயற்சியில் பிடிபட்டது

நேற்று காலை சத்துவாச்சாரியிலிருந்து பள்ளிகொண்டா டோல் வரை போய், பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்து 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஆறு முறை பிரேக் பிடித்தேன். ஸ்டியரிங் அசையவே இல்லை. பிரேக் பிடித்தால் கார் ஸ்டியரிங் உதறும் பத்து மாதத் தொல்லை தீர்ந்தது, இப்போதைக்கு.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறுவதால் வீல் பேலன்ஸ் பக்கம் போகவில்லை. முதலில் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் மாற்றினேன், பலன் இல்லை. அடுத்து சக்கரத்தோடு சுற்றும் முன் டிஸ்க் இரண்டையும் புதிதாகப் போட்டேன். நான்கு மாதம் நன்றாக ஓடியது. ஏலகிரி போய்ப் பதினான்கு கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த வாரம், பழைய உதறல் அப்படியே திரும்பிவிட்டது. சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது என்று பட்டறையில் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

இந்த முறை அளக்காமல் எதையும் மாற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். டிஸ்க்கை வாஷரும் நட்டும் போட்டு, அது உட்காரும் சுழலும் பாகமான ஹப்போடு இறுக்கி, மயிரிழை அசைவையும் காட்டும் டயல் கேஜின் காந்த அடியை நக்கிளில் (ஹப்பைத் தாங்கும், சுற்றாத பாகம்) நிறுத்தி, முள்ளை டிஸ்க் விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே வைத்துக் கையால் சுற்றினேன். இடது பக்கம் நெளிவு, அதாவது சுற்றும்போது டிஸ்க் பக்கவாட்டில் ஆடும் அளவு, 0.04 மி.மீ. வலது பக்கம் 0.09. அப்புறம் மைக்ரோமீட்டரால் எட்டு இடத்தில் கனம் பார்த்தேன். வலது டிஸ்க்கில் அதிகத்துக்கும் குறைவுக்கும் வித்தியாசம் 0.03.

உதறலுக்கு நேரடிக் காரணம் இந்த 0.03தான். நெளிவு மட்டும் இருந்தால் மிதவை காலிபர் (பேடை அழுத்தும், பக்கவாட்டில் நகரும் பிடி) டிஸ்க்கோடு சேர்ந்து அசைந்து கொடுத்துவிடும், பெடலுக்குத் தெரியாது. கனம் மாறினால் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டு வெளியே வரும். எண்ணெய்க்கு அமுங்கும் குணம் இல்லை, அந்தத் துடிப்பு பெடல் வரைக்கும் வரும். பிடிமானமும் கூடிக் குறைவதால் ஸ்டியரிங் உதறும். என் டயருக்கு 90-ல் நொடிக்கு ஏறக்குறைய பதினைந்து சுற்று, அதாவது பதினைந்து உதறல்.

சரி, புது டிஸ்க்கின் கனம் ஏன் மாறியது? பிரேக்கை விட்ட பிறகும் பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான். நெளிவு இருந்தால் துருத்தி நிற்கும் இடம் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசிக்கொண்டே ஓடும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் தேய்ந்துவிடும். நான்கு மாதக் கணக்கு இதுதான். ஏலகிரி மேல் பழி போட்டது தவறு.

நெளிவு எங்கிருந்து வந்தது என்பதை ராணிப்பேட்டை பக்கம் ஒரு லேத் பட்டறை அண்ணன்தான் காட்டினார். டிஸ்க்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிஸ்க்ல ஒண்ணும் இல்ல தம்பி, அது உட்கார்ற எடத்தப் பாரு" என்றார்.

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது ஹப் முகத்தில், ஒரு ஸ்டடுக்கு (சக்கர நட் மாட்டும் போல்ட்) வெளியே, விளிம்போரமாகச் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் துரு பொருக்கு தட்டியிருந்தது. தொட்டால்கூடத் தெரியாத மேடு. 130 மி.மீ. அகலமுள்ள ஹப்பின் ஓரத்தில் 0.05 மி.மீ. தூக்கினால், 230 மி.மீ. டிஸ்க்கின் ஓரத்தில் அது 0.09 ஆகிவிடும். நான் அளந்ததும் ஏறக்குறைய அதுதான்!

கம்பி பிரஷ், பிறகு தட்டையான மரத்துண்டில் சுற்றிய எமரி தாள். ஸ்டடுகளைச் சுற்றியுள்ள வளையத்தைச் சுத்தம் செய்யவே ஒன்றரை மணி நேரம் போனது. இங்கே அவசரப்படாதீர்கள். டிஸ்க்கை ஒவ்வொரு துளையாக மாற்றி வைத்தும் நெளிவை அளந்தேன்: 0.05, 0.04, 0.03, 0.06. மூன்றாவது நிலைக்குப் பெயிண்டால் குறி வைத்தேன். இரண்டு டிஸ்க்கையும் லேத்தில் லேசாக இழைத்தாயிற்று, விளிம்பில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்கு மேல் இன்னும் தாராளமாக இருக்கிறது.

டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் நட்டை அடிக்க இனி விடப்போவதில்லை. ஒரு நட் அதிகமாக இறுகினாலும் டிஸ்க் கோணும். கையால் எதிரெதிராக, முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சில் 85 நியூட்டன் மீட்டர்.

காலிபர் நகர்வதற்கான பின் (pin) ஒன்று இறுகிப்போயிருந்தது, அதற்குச் சிலிகான் கிரீஸ்தான் வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும். வேலூரில் கேட்ட மூன்று கடையிலும் இல்லை. சென்னை புதுப்பேட்டை போன நண்பர் வாங்கி வந்தார், ஒரு டியூப் பல வருடம் வரும்.

அடுத்து பின் சக்கரத்து பிரேக் டிரம். ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்தால் லேசாக ஒரு துடிப்பு தெரிகிறது, டிரம் நீள்வட்டமாகியிருக்கலாம். உள்விட்டம் அளக்கக் கருவி தேடிக்கொண்டிருக்கிறேன், யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். முன் டிஸ்க்கை 5,000 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி எட்டு இடத்தில் அளப்பேன்.