மாடியில் ஒரு பெட்டி, வாசலில் ஒரு பை

2023 டிசம்பர் 17 ஒரு ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் நாள். விடியற்காலையில் கோலம் போட வாசலுக்குப் போன என் மனைவி, இந்த மழையில் மாவு நிற்காது என்று திரும்பி வந்துவிட்டாள். அன்று முழுவதும் மழை விடவில்லை. திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் தாமிரபரணி ஆற்றுக்கு அருகே தாழ்வான தெரு ஒன்றில் நாங்கள் கீழ்வீட்டில் குடியிருந்தோம். இரவு இரண்டு மணிக்கு நடையில் தண்ணீர் ஏறியதும், அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்காரர் குடியிருக்கும் மாடிக்கு ஏறினோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதும், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு சிக்கிக்கொண்டதும், கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்ததும் பல நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியவந்தன. கைப்பேசிகள் திங்கட்கிழமை மாலையே அணைந்துவிட்டிருந்தன.

இதில் வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் அவசரகாலப் பை ஒன்று அப்போதே இருந்தது. எங்கேயோ பார்த்த பட்டியலை வைத்து நான் தயாரித்தது அது: மடக்குக் கத்தி, நைலான் கயிறு, விசில், நெருப்பு உண்டாக்கும் கல், திசைகாட்டி. தாமிரபரணி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்த ஊரில் திசைகாட்டி எதற்கு என்று மகள் அன்றைக்கே கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். வெள்ளம் வந்த இரவில் அதை எடுக்க வேண்டும் என்று எங்கள் நால்வரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. வீட்டிலேயே முதலில் நனைந்த பொருள் அதுதான்.

காட்டில் வழி தவறியவனுக்கு என்ன தேவை என்று யோசித்துச் செய்த பட்டியல் நகரத்தில் குடியிருப்பவனுக்கு உதவாது. நகரத்தில் நாம் வழி தவறுவதில்லை, வீட்டிலேயே அடைபடுகிறோம். மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் தொட்டியில் நீர் ஏறாது, கைப்பேசிக் கோபுரம் படுத்தால் பேசவும் முடியாது, பணம் அனுப்பவும் முடியாது. இவை ஒவ்வொன்றாகப் போவதுமில்லை. ஒரே மணி நேரத்தில் எல்லாம் சேர்ந்து போகின்றன. எங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருந்த இன்வெர்ட்டரும் பேட்டரியும் நடையின் தரையிலேயே இருந்ததால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அவை மூழ்கின. இப்போது அவை சுவரில் நெஞ்சு உயரத்தில் பதித்த இரும்புத் தாங்கியின் மேல் இருக்கின்றன.

ஆகவே இப்போது எங்களிடம் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. வீட்டிலேயே அடைபட்டால் மூன்று நாள் தாங்குவதற்கான பெட்டி ஒன்று வீட்டுக்காரரின் சம்மதத்தோடு மாடிப் படிக்கட்டின் தலைமாட்டில் இருக்கிறது. வீட்டை விட்டே கிளம்ப வேண்டியிருந்தால் தோளில் மாட்டிக்கொண்டு போக வேண்டிய பை, வாசற்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் அதைத் தூக்க ஆள் இருக்காது.

தண்ணீரைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். குடிக்கவும் கொஞ்சம் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்தால், நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர் வேண்டும். அதாவது இரண்டு 20 லிட்டர் கேன்களும் எட்டு ஒரு லிட்டர் பாட்டில்களும். நிறைந்த கேன் ஒன்று 20 கிலோவுக்கு மேல் கனக்கும். இருட்டில், ஈரப் படியில் அதைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது என்பதால் கேன்கள் எப்போதும் மாடியிலேயே இருக்கின்றன. அந்த வெள்ளத்தில் கீழே இருந்த சம்பின் மூடிக்கு மேல் சாக்கடை கலந்த நீர் நின்றது. அந்தச் சம்பை இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போடும்வரை அதில் ஒரு சொட்டைக்கூட நாங்கள் தொடவில்லை. மொட்டைமாடித் தொட்டியில் இருந்த தண்ணீர்தான் இரண்டு குடும்பத்துக்கும். அதில் பெரும்பகுதியைக் கழிப்பறைதான் விழுங்கியது.

1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர் என் அம்மா. மாடியேறி மூச்சு வாங்கி உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஏல, மழத்தண்ணிய அண்டால பிடி, குடிக்கதுக்குப் பொறவு பாத்துக்கிடலாம்" என்பதுதான். வீட்டுக்காரரின் கல்யாண அண்டா இரண்டையும் மொட்டைமாடியில் வைத்தோம். கழிப்பறைக்கும் கை கால் கழுவவும் அந்த நீரே போதுமானதாக இருந்தது, தொட்டி நீர் மிச்சப்பட்டது. மாடிப் பெட்டியில் குளோரின் மாத்திரைகளும் வைத்திருக்கிறேன். எத்தனை லிட்டருக்கு ஒரு மாத்திரை என்பது அட்டையிலேயே இருக்கும். கலங்கிய நீரைப் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டிய பிறகே மாத்திரையைப் போட வேண்டும், ஏனெனில் சேறு குளோரினைத் தின்றுவிடும். போட்டபின் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பெட்ரோல், எண்ணெய் வாடை அடிக்கும் நீரை மாத்திரையும் காப்பாற்றாது, கொதிக்க வைப்பதும் காப்பாற்றாது.

உணவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடுப்பு வேண்டாத எதுவும் சரிதான். கீழே எரிவாயு சிலிண்டர் மிதந்துகொண்டிருக்கும்போது மாடியில் அரிசி மூட்டை இருந்து என்ன பயன்? அவல், பொரிகடலை, கோவில்பட்டி கடலைமிட்டாய், பேரீச்சை, உடன்குடிக் கருப்பட்டி ஆகியவை எங்கள் பெட்டியில் உள்ளன. கருப்பட்டி மழைக்காலத்தில் கசியும், ஆகவே அதைத் தனியாக இறுக்கமான டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். அல்வாவும் வைக்கலாமே என்றான் தம்பி. இருக்கிற தண்ணீரை அளந்து குடிக்கும்போது அல்வா தின்று தாகத்தை வரவழைத்துக்கொள்வது நல்ல யோசனையாக எனக்குப் படவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறார். மின்சாரம் போன இரண்டாம் நாள், குளிர்பெட்டியில் இருந்ததெல்லாம் வீணாகிவிட்டது என்று நான் நடுங்கிப்போனேன். பிறகு மருத்துவரிடம் கேட்டபோது, பெரும்பாலான இன்சுலின் வகைகள் 30 டிகிரிக்குக் கீழே, வெயில் படாத இடத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும் என்றும், உறைந்துபோனதைத்தான் தொடவே கூடாது என்றும் விளக்கினார். எங்கள் ஊர் டிசம்பர் மழையில் அது பெரிய சிக்கல் இல்லை. சித்திரை வெயிலில் மின்சாரம் போனால் மண்பானைக்குள் ஈர மணல் போட்டு, நடுவில் ஒரு சிறு கலயத்தில் மருந்தை வைத்து, மேலே ஈரத்துணி மூட வேண்டியிருக்கும். மற்ற மாத்திரைகள் பத்து நாளைக்கானவை எப்போதும் பையில் இருக்கும். மாதாமாதம் மருந்து வாங்கி வந்ததும் புதிய அட்டை பைக்குள் போகும், பையிலிருந்த பழைய அட்டை அன்றாடச் செலவுக்கு வெளியே வரும். இப்படிச் செய்தால் காலாவதியான மருந்து பையில் தங்காது. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் நான்கு வைத்திருக்கிறோம். அவை தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்கினால் போதும். வெள்ள நீரில் நடந்தவர்களுக்குப் பின்னால் காய்ச்சல் வந்தால், தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். எலிக்காய்ச்சல் சாதாரணக் காய்ச்சலைப் போலத்தான் தொடங்கும்.

வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் டார்ச் இரண்டு. கையில் பிடிக்கும் டார்ச்சோடு ஒரு முதியவரைப் படியேற்றுவது எத்தனை கடினம் என்று அன்றிரவு தெரிந்துகொண்டேன். பவர் பேங்கில் 20,000 mAh என்று அச்சிட்டிருந்தாலும் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கைப்பேசிக்கு வந்து சேரும். பாட்டரியில் ஓடும் சின்ன வானொலி ஒன்று, அதன் செல்களைக் கழற்றித் தனியாக. உள்ளேயே விட்டால் கசிந்து கெட்டுவிடும்.

வாசலில் தொங்கும் பையில் மருந்து, ஆவண நகல்கள், ஒரு மாற்றுடை, இரண்டு பாட்டில் நீர் ஆகியவற்றோடு ரொக்கம் இருக்கிறது. வெள்ளம் வடிந்த பின் பால் வாங்கப் போன இடத்தில் கைப்பேசிப் பணமும் செல்லவில்லை, 500 ரூபாய்த் தாளுக்குச் சில்லறையும் இல்லை. ஆகவே எல்லாம் 10, 20, 50, 100 ரூபாய்த் தாள்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலத்தின் 1070, 112, 108 ஆகிய எண்களோடு உறவினர் எண்களையும் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்; கைப்பேசி அணைந்தால் சொந்தத் தம்பியின் எண்கூட நமக்கு நினைவில் இருப்பதில்லை.

ஐப்பசி பிறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். மனைவி மெயின் சுவிட்சை அணைத்துச் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுவது, மகள் பையை மாட்டிக்கொள்வது, நான் அம்மாவைப் பிடித்துக்கொள்வது என்று பிரித்துக்கொண்டிருந்தோம். பை 9 கிலோ இருந்தது. மகளால் 6 கிலோவுக்கு மேல் படியேற்ற முடியவில்லை, ஆகவே பாதித் துணிகளை வெளியே எடுத்தோம். ஐந்து நிமிடத்தில் மாடியில் இருப்போம் என்று நினைத்தேன். பதினொரு நிமிடம் ஆனது. அதில் ஆறு நிமிடம் அம்மாவின் மூக்குக்கண்ணாடியைத் தேடியதில் போனது. பழைய பவர் கண்ணாடி ஒன்று பீரோவில் கிடந்தது. துடைத்து, கூட்டில் போட்டு, பையின் மேலறையில் வைத்துவிட்டோம்.